ஆயா திருடிய இறக்கை

லென்ஸுக்கு அடியில் அந்தச் சிவப்பு நூல் தெரிந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. கருநீலத் துணியில் தங்க நிறத்தில் விரிந்திருந்த ஒரு ஜோடி இறக்கை. நடுவில் ஒரு வட்டம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. இடது இறக்கையின் நுனியில் தங்கம் தேய்ந்துபோய், அந்தத் தேய்வுக்குள்ளிருந்து மயிரிழை அளவுக்குச் சிவப்புப் பட்டு எட்டிப் பார்த்தது. மேசைக்கு எதிரில் அதைக் கொண்டுவந்தவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். வெயிலில் முகமெல்லாம் சிவந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. என் தொழிலில் முதலில் பழகிக்கொள்வது அதைத்தான்.

சிரம்பானில் பழைய பதக்கங்கள், நாணயங்கள், பட்டாளச் சின்னங்கள் வாங்கி விற்கும் சின்னக் கடை என்னுடையது. சந்தேகப்படுவதால்தான் எனக்குச் சோறு. கல்யாண வீட்டில் மோதிரத்தைக் காட்டினால்கூட உள்பக்க முத்திரையைத் தேடுகிற ஆள் என்று வீட்டில் என்னைக் கேலி பேசுவார்கள். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஆண்கள் சண்டைக்குப் போய்விட, தொழிற்சாலையில் செய்து முடித்த விமானங்களை ஓட்டிக்கொண்டு போய் விமானத் தளங்களில் சேர்த்த பெண்கள் இருந்தார்கள். அவர்கள் சட்டையில் தைத்துக்கொண்ட சின்னம் இது. அந்தப் பெண்கள் கொஞ்சப் பேர்தான். அதனால் அசல் சின்னங்களும் கொஞ்சம்தான், அதனாலேயே போலிகள் ஏராளம். புதிதாகச் செய்து, பழசாகத் தெரிவதற்காகத் தேத்தண்ணீரில் ஊறப் போட்டு வெயிலில் காயவைத்து அனுப்புகிறார்கள். முகர்ந்து பார்த்தே சிலவற்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். புற ஊதா விளக்கில் காட்டினால் இந்தக் காலத்து நூலும் துணியும் வெள்ளை வெளேரென்று ஒளிரும். அந்தக் காலத்துத் துணி இருட்டாகவே கிடக்கும். ஓரத்தில் சட்டையோடு சேர்த்துத் தைத்த ஊசித் துளைகள் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தங்க வேலைப்பாடு. அசலில் அது நூலே அல்ல. மெல்லிய கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுருட்டி, துண்டு துண்டாக வெட்டி, பாசிமணி கோக்கிறபடி ஊசியில் கோத்துத் தைத்திருப்பார்கள். வெட்டிய இடத்தில் பார்த்தால் உள்ளே வெற்றிடமாக இருக்கும்.

இதில் வெற்றிடம் இல்லை. சிவப்புப் பட்டு நூலைச் சுற்றித் தங்கத் தகடு ஓடியிருந்தது. காஞ்சிபுரத்துச் சேலையின் பழைய கரையைப் பிரித்துப் பார்த்த எவருக்கும் அது என்னவென்று தெரியும். ஜரிகை. வெள்ளைக்காரப் பெண்ணின் இறக்கையை நம் ஆள் யாரோ சேலை ஜரிகையால் தைத்திருக்கிறார்கள். ஊதா விளக்கில் காட்டினேன், துணி ஒளிரவில்லை. போலிதான், ஆனால் பழைய போலி. விற்பதற்காகப் போலி செய்கிறவன் யாரும் இவ்வளவு நல்ல ஜரிகையை வீணாக்க மாட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் ஆங்கிலத்தில் விவரம் சொன்னார். அவருடைய அம்மா அப்படி விமானம் ஓட்டிய பெண்களில் ஒருத்தி. போர் முடிந்ததும், லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மேனேஜராக இருந்தவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். இவர் அந்த பங்களாவில்தான் வளர்ந்தார். பள்ளிக்கூட வயது வந்ததும் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அம்மா இறந்த பிறகு இந்தச் சின்னத்தைத் தங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போனபோது, அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, வேலைப்பாடு உங்கள் அம்மா வாழ்ந்த கீழை நாட்டு வேலை மாதிரி இருக்கிறதே என்று இழுத்திருக்கிறார். வளர்ந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கிளம்பியவர், இங்கே யாரிடமாவது காட்டிக் கேட்டுவிடலாம் என்று இதையும் கொண்டுவந்திருக்கிறார். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னவர், கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். "இதை எங்கள் ஆயா ஒரு தடவை திருடிவிட்டாள். அப்பா மிரட்டித்தான் திரும்ப வாங்கினார். மாற்றி வைத்தது அவளாகத்தான் இருக்க வேண்டும். அவளைத் தெரிந்தவர்கள் இன்னும் யாராவது இருப்பார்களா?"

இருந்தார்கள். அந்த ஆயா என் அத்தை, அப்பாவின் அக்கா. பெடாஸில் மகன் வீட்டில் இருந்தாள். இன்னும் கொஞ்சம் சோதிக்க வேண்டியிருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லி, சின்னத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

எங்கள் குடும்பத்தில் அதற்கு 'றெக்கை' என்று பெயர். அந்தச் சொல்லை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அத்தைக்கு அப்போது கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. துரைசானி, அதாவது இவருடைய அம்மா, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கப்பலேறிப் போயிருந்த சமயத்தில் ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் அன்றைக்கு அவரவர் தொழில் கருவியைக் கோயிலில் கொண்டுவந்து வைப்பார்கள். ரப்பர் பால் வெட்டுகிற கத்தி, வாளி, டிரைவரின் லாரிச் சாவி, கணக்கு எழுதும் கிராணியின் பேனா. அத்தைக்குக் கருவி என்று எதுவும் இல்லை; பிள்ளை தூக்குகிற கையை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? அவள் இந்த இறக்கையைக் கத்திகளுக்கு நடுவில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டாள். துரைசானியின் தொழில் கருவி அது, அவங்க ஊரில் இல்லை, அதனால் நான் வைத்தேன் என்பது அவள் நியாயம். கிராணி பார்த்துவிட்டுத் துரையிடம் சொன்னார். ஊருக்குப் போகுமுன் துரைசானியே கொடுத்தது என்று அத்தை சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. திருடினவள் எல்லார் கண்ணிலும் படும்படி கோயிலில் கொண்டுவந்து வைப்பாளா என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. பூசை விடுமுறை முடிந்ததும் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் என்றார் துரை. அத்தை ஒப்படைத்தாள். அன்றைக்கே வேலையும் போயிற்று, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. மாமாவும் அவளும் லாரி ஏறிப் பெடாஸ் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு வந்தார்கள். கெட்ட பெயர் அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தைக்கு ஒரு பழக்கம். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தால், கிளம்பும்போது வாசலில் நின்று தன் கைப்பையைக் கவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போவாள். சீப்பு, வெற்றிலைப் பொட்டலம், பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை எல்லாம் படியில் விழும். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் யாரும் தடுத்ததில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வளர்ந்த பிறகு அதைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விடுவேன். இத்தனைக்கும் துரைசானியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச அத்தை விட்டதில்லை. "பாவம், அவங்க ஊர்ல இல்ல. இருந்திருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். திரும்பி வந்தப்ப இங்க என்ன நடந்துச்சின்னு அவங்களுக்கு யாரு சரியா சொல்லியிருப்பா?" என்பாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே பெடாஸுக்குக் காரை விட்டேன். அத்தை கூடத்துத் தரையில் தாளை விரித்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அத்த, நீங்க தூக்கி வளத்த தொரை மவன் வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை. "நல்லா இருக்கானா?" என்றாள்.

"நல்லா இருக்காரு. றெக்கையக் கொண்டாந்திருக்காரு." கொஞ்சம் பொறுத்து, "அது ஜரிகையில தச்சது, அத்த" என்றேன்.

அத்தை எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணி முடிச்சை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். உள்ளே இன்னொரு இறக்கை.

"யாரு தச்சான்னுதான கேக்க வர்ற? நாந்தான்" என்றாள். "என் கூறைப்பொடவக் கரையப் பிரிச்சேன். ஒங்க மாமா கல்யாணக் கோட்டுல முதுகுப் பக்கம் ஒரு துண்டு வெட்டுனேன். அவரு அதுக்கப்புறம் அந்தக் கோட்டப் போடவே இல்ல, பாவம். தொரை றெக்கை கேட்டாரு. ஒரு றெக்கை குடுத்தேன். எனக்குன்னு குடுத்தத நான் ஏன் திருப்பிக் குடுக்கணும்? குடுத்தா நான் திருடுனேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. போலீஸ் வரும் என்று மிரட்டிக்கொண்டிருந்த மனிதரிடம், கல்யாணச் சேலையைப் பிரித்துத் தைத்த ஒன்றை நீட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவரும் அதை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். மனைவி விமானம் ஓட்டியதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதே அவருக்குப் பிடிக்காதாம். பெட்டிக்குள் கிடந்த சின்னத்தை அவர் எங்கே உற்றுப் பார்த்திருக்கப் போகிறார்? துரைசானி அந்தக் கதையை ஆயாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். அத்தை முதலில் நம்பாமல் சிரித்திருக்கிறாள். பிறகு, மேலே போனால் கூட யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறாள். யாரும் வர மாட்டார்கள், தனியாகத்தான் என்றாளாம் துரைசானி. பிள்ளையோடு கப்பலுக்குக் கிளம்பிய அன்று இதை அத்தை கையில் வைத்து, இந்த வீட்டில் இதைப் பற்றிக் கேட்டவள் நீ ஒருத்திதான், நீயே வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறாள்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? பையிலிருந்த ஊதா விளக்கை எடுத்து, கதவைச் சாத்திவிட்டு அந்த இறக்கையின் மேல் காட்டினேன். பளீரென்று ஒளிர்ந்தது. முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் நேற்று நெய்த துணியாக வெளுத்துத் தெரிந்தது. இதுவும் போலி. அப்படியானால் அத்தை இத்தனை வருஷமாகச் சொன்னது? அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் பொய் சொல்லியிருப்பாள் என்று அந்தக் கொஞ்ச நேரம் நான் நினைத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. அத்தை விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னா புள்ள, அழுக்கா இருக்கா? போன ஆயுத பூசைக்குக்கூட சோப்புத்தூள்ல ஊற வெச்சுத் தொவச்சனே" என்றாள்.

வருஷா வருஷம் துவைத்திருக்கிறாள். குங்குமம் வைக்கிற பொருளை அழுக்கோடு வைக்கலாமா? சோப்புத்தூளில் வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதற்கென்று ஒரு மருந்து சேர்ப்பார்கள், அதுதான் ஊதா விளக்கில் ஒளிரும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து லென்ஸை எடுத்தேன். கம்பிச் சுருள்கள், வெட்டிய முனைகளுக்குள் வெற்றிடம். சுருள்களின் இடுக்கில், எந்தச் சோப்பும் போக்க முடியாத கறுப்பு. ஓரம் முழுக்கச் சட்டையில் தைத்துப் பிரித்த ஊசித் துளைகள். நெஞ்சின் மேல் கிடந்து கிடந்து லேசாக வளைந்துபோன முதுகு. என் கைக்கு வந்ததிலேயே சந்தேகம் இல்லாத அசல் அதுதான்.

அசல் என்று தெரிந்த பிறகுதான் சிக்கலே. உங்களிடம் இருப்பது போலி என்று அவரிடம் சொன்னால், அசல் எங்கே என்பார். அசல் அத்தையிடம் இருக்கிறது என்றால், திருடி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சொல்லாமல் விட்டால் அவர் ஊரில் போய் இன்னொருவரிடம் காட்டுவார், அவரும் இதையேதான் சொல்வார். அப்போது அத்தை பேச அங்கே இருக்க மாட்டாள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அத்தை நெத்திலியைக் கிள்ளி முடித்து, தாளைச் சுருட்டினாள். "கூட்டிட்டு வா. நான் பேசிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, ஆயா உயிரோடு இருக்கிறாள், அவள் என் அத்தை என்று சொன்னேன். அத்தை நல்ல சேலை கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவர் தயங்கி, "ஆயா" என்றார். அவள் தலையசைத்து எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவர் தன் சின்னத்தை மேசையில் வைத்ததும் தன்னுடைய முடிச்சை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தாள். எது எதுவென்று நான் விளக்கினேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "அப்படியானால் இவள் எங்களை இரண்டு தடவை ஏமாற்றியிருக்கிறாள். ஒரு தடவை என் அம்மாவை, ஒரு தடவை என் அப்பாவை" என்றார். அத்தை என் பக்கம் திரும்பி, "என்னா சொல்றாரு? அப்படியே சொல்லு. பூசி மொழுகாத" என்றாள். சொன்னேன். அவள் கண் இமைக்கவில்லை.

"அவங்க சீமையிலேர்ந்து திரும்பி வந்தப்ப, தொரை இத அவங்க கையில குடுத்திருப்பாருல்ல? பாத்துட்டு என்னா சொன்னாங்கன்னு கேளு."

கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றார் அவர். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் படுக்கைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். துடைப்பதற்குக்கூட வேறு யாரையும் விட்டதில்லை. வயதான பிறகு பழைய பெண் விமானிகள் எல்லாம் கூடிய கூட்டத்துக்கு இவர்தான் அவளை அழைத்துப் போனாராம். எல்லோரும் நெஞ்சில் இறக்கையோடு வந்திருந்தார்கள். இவளுடைய நெஞ்சு மட்டும் வெறுமையாக இருந்தது. ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டதற்கு, அது வெளியே போட்டுக்கொள்கிற பொருள் இல்லை என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். கை ஜரிகை இறக்கையின் மேல் போய் நின்றது. போர் முடியும்வரை அசலை நெஞ்சில் தைத்துக்கொண்டு பறந்தவளுக்கு, மாற்றியது தெரியாமலா இருந்திருக்கும்? திருட்டுப்போனது என்று அவள் நினைத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளே? அவர் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன். "அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார் மெதுவாக. "அவளேதான் கொடுத்திருக்கிறாள்."

நான் அவசர அவசரமாகத் தமிழில் சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே அத்தை காத்திருந்தாள், இப்போது அழுவாள், இல்லை சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிருக்கா?" என்றாள். "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கா?"

நான் தலையசைத்தேன்.

"வீட்டுல கார் இருந்துச்சி. டிரைவர் இருந்தாரு. லிங்கியிலேர்ந்து பெடாஸ் என்னா சீமையிலயா இருக்கு? தொரைகிட்ட சொல்ல பயமா இருந்துச்சின்னா சொல்ல வேணாம். எங்கிட்டயாவது வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. குரலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, அப்பாவுக்காகவும் அம்மாவுக்காகவும் மன்னிப்புக் கேட்டார். அசல் ஆயாவுடையது, அவளிடமே இருக்கட்டும் என்றார். அத்தை அதைக் கேட்டுவிட்டு, அசல் இறக்கையை விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒங்கம்மா றெக்கைய நீ கொண்டு போ. எனக்கு வேணாம். என் றெக்கைய எங்கிட்ட குடு."

ஜரிகை இறக்கையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர், அருங்காட்சியகத்தில் வைக்கும்போது ஆயாவைப் பற்றியும் எழுதி வைக்கலாமா என்று கேட்டார். நான் அதைச் சொன்னதும் அத்தை அவரை நேராகப் பார்த்தாள்.

"எழுதட்டும். ஆயா திருடலன்னு மொதல்ல எழுதச் சொல்லு. பறந்ததெல்லாம் அப்புறம் எழுதிக்கட்டும்."

எழுதுவதாக அவர் வாக்குக் கொடுத்தார். அத்தை அவரைச் சாப்பிடச் சொன்னாள். நெத்திலி சம்பால் காரம் தாங்காமல் அவர் தண்ணீர் குடித்ததைப் பார்த்து, சின்னதிலும் இப்படித்தான் என்றாள். துரைசானியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை.

அத்தை இப்போது இல்லை. அவள் படுக்கையில் விழுந்திருந்த சமயத்தில் அவரிடமிருந்து ஒரு படம் என் கைப்பேசிக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அசல் இறக்கை, அதன் அடியில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பத்தி. அவர் அம்மா எங்கே பிறந்தாள், எப்படி விமானம் ஓட்டக் கற்றாள், எந்தெந்த விமானங்களை எங்கெங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள் என்றெல்லாம் போய், கடைசி வரியில்தான், இதை அவர் தம் வீட்டு ஆயாவுக்குத் தாமாக மனமுவந்து கொடுத்தார், அது திருடப்பட்டதல்ல என்று இருந்தது. பெடாஸுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தை உற்றுப் பார்த்தவள், "மொதல்ல என்னா எழுதியிருக்கு?" என்றாள்.

நான் கடைசி வரியை முதலில் படித்தேன்.